ஓட்டம் குறைந்த 1965 ஸ்பிட்ஃபயர்: எவ்வளவு கொடுக்கலாம்?

(பழைய கார் பிரியர்களின் உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயரும் ஊரும்.)

கோரையாறு (நீடாமங்கலம்)

மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் 1965-ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2 என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இங்கிலாந்தில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் 1968-இல் ஊர் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த வண்டி அது. கடைசி வரை அவர் பெயரிலேயே இருந்தது. அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் மூவரில் ஒருவர் தஞ்சாவூரிலும் ஒருவர் சென்னையிலும் ஒருவர் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். 1986-க்குப் பிறகு வண்டி சாலையில் இறங்கவில்லை என்றும், மீட்டர் 21,400 சொச்சம்தான் காட்டுகிறது என்றும், ஆகவே 14 லட்சம் ரூபாய்க்கு ஒரு பைசாவும் குறையாது என்றும் சொல்கிறார்கள்.

வாங்கினால் அதைக் கண்ணாடிக் கூண்டில் வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தரங்கம்பாடி, பூம்புகார் வரை ஓட்டிச் செல்ல வேண்டும் என்பதுதான் ஆசை. ஓரளவு பழுது பார்த்து, ஓடும் நிலையில் உள்ள இதே மாடல் ஒன்றைச் சென்னையில் 11 லட்சத்துக்குச் சொன்னார்கள். அதன் மீட்டர் 60,000-ஐத் தாண்டியிருந்தது, வண்ணமும் புதிதாக அடித்தது. ஓட்டம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக 3 லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா என்பதே என் கேள்வி.

பழைய ஹெரால்டு (கும்பகோணம்)

முதலில் அந்த 21,400 என்ன என்று பாருங்கள். இங்கிலாந்தில் விற்ற ஸ்பிட்ஃபயரின் மீட்டர் மைல் கணக்கு. அதாவது ஏறத்தாழ 34,400 கிலோமீட்டர். அடுத்து, அதில் முழு மைலுக்கு ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999-ஐத் தாண்டினால் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 1,21,400 மைல் ஓடிய வண்டியும் இதே எண்ணைத்தான் காட்டும். இடையில் கேபிள் அறுந்து, மீட்டர் நின்ற நிலையிலேயே பல ஆண்டுகள் ஓடியிருக்கவும் கூடும். எனவே மீட்டரை மட்டும் நம்பி ஒரு ரூபாய்கூட ஏற்றிக் கொடுக்க வேண்டாம். அதற்குத் துணை நிற்கும் தடயங்களைத் தேடுங்கள்.

பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பரில் வரிகள் மழுங்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்க ஓரம், ஏறி இறங்கும்போது உராய்ந்து முதலில் கிழியும் இடம். கதவைப் பாதி திறந்து மேலே தூக்கிப் பார்த்தால் கீல் தேய்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய பட்டறைச் சீட்டுகள் வேண்டும். தேதியும் மீட்டர் அளவும் எழுதிய சீட்டு நான்கைந்து கிடைத்து, அவை ஏறுவரிசையில் அமைந்தால் அதை மெய்யான ஓட்டம் என்று ஏற்கலாம்.

மார்க் 2-க்கு அடையாள எண் எஃப்.சி. 50,001-இலிருந்து தொடங்கும். என்ஜின் எண்ணும் எஃப்.சி. என்று தொடங்கி எச்.இ. என்று முடிய வேண்டும். இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிட்டேஜ் டிரஸ்டுக்கு எழுதிக் கட்டணம் செலுத்தினால், வண்டி எந்த நாளில், எந்த வண்ணத்தில், எந்த என்ஜின் எண்ணோடு ஆலையை விட்டுப் புறப்பட்டது என்று பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். அந்தச் செலவை விற்பவர் ஏற்க மறுத்தாலும் நீங்கள் செய்துகொள்வது நல்லது.

ஆர்.சி. புத்தகம் (திருவாரூர்)

இரும்பைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். என் அனுபவத்தில், இந்த மாதிரி வண்டிகளின் விலை பாதி காகிதத்தில்தான் இருக்கிறது.

உரிமையாளர் இறந்துவிட்டதால் பிள்ளைகள் நேரடியாக உங்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுச் சான்றிதழ் பெற்று, மற்ற இருவரின் இசைவோடு படிவம் 31 மூலம் ஒருவர் பெயருக்கு மாற்றிய பிறகே, படிவம் 29, 30 வழியாக உங்களுக்கு மாற்ற வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரின் கையெழுத்துக்கு எத்தனை மாதம் ஆகும் என்பதை அவர்கள் பொறுப்பில் விட்டுவிடுங்கள். அதை நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு சிக்கல், வண்டி 1986-இலேயே நின்றுவிட்டது என்பதில் இருக்கிறது. இன்றைய மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. 15 ஆண்டுப் பதிவுக் காலம், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிந்தியவை. ஆகவே அந்தப் பழைய புத்தகம் ஒருமுறைகூடப் புதுப்பிக்கப்பட்டிருக்காது. கணினிப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. இறக்குமதிக் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 40,000 ரூபாயானது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு கடந்த இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய் என்று உயர்ந்தது. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி. அந்த மாதக் கணக்கை எங்கிருந்து தொடங்குவார்கள் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு, பதில் வந்த பிறகே விலை பேசுங்கள்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி பழம்பெரும் வாகனமாகவும் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லுபடியாகும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல், எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். உங்கள் தரங்கம்பாடிப் பயணத்துக்கு அது பொருந்தாது.

பச்சை ஸ்பிட்ஃபயர் (மயிலாடுதுறை)

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். மார்க் 2 மொத்தம் 37,409-தான் செய்தார்கள். அவற்றுள் இந்தியாவுக்கு வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றிலும் ஒரே குடும்பத்திடம் இருந்து, ஆலையில் அடித்த வண்ணத்தோடும் முதல் இருக்கை உறையோடும் நிற்கும் வண்டி இன்னொன்று கிடைக்குமா? சென்னை வண்டியைப் புதிது போல் மினுக்கியிருக்கிறார்கள். அந்த வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இதில் எல்லாம் வெளிப்படையாகத் தெரிகிறது. 14 லட்சம் அதிகம்தான். ஆனால் 11, 12-க்கு முடிந்தால் யோசிக்காமல் முன்பணம் கொடுத்துவிடுவேன். பத்து ஆண்டு கழித்து இந்த விலை மலிவாகத் தெரியும்.

பழைய ஹெரால்டு (கும்பகோணம்)

தம்பி சொல்வதில் ஒரு பாதி சரி. சேகரித்து வைக்கிறவருக்கு அந்த வாதம் பொருந்தும். இவரோ ஓட்டப் போகிறவர். ஓட்டம் குறைவு என்பதற்காக 3 லட்சம் கூடுதலாகக் கொடுத்தால், வண்டியை எடுத்துப் பூம்புகார் போய்வரும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த 3 லட்சத்திலிருந்து கொஞ்சம் கரையும். ஓட்டாமல் வைத்திருந்தால் மட்டுமே நிலைக்கும் மதிப்புக்கு, ஓட்ட நினைப்பவர் எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்?

நின்றே கிடந்த வண்டி நல்ல நிலையில் இருக்கும் என்பதும் நம் ஊரில் செல்லாது. பத்தாயத்தில் பூட்டி வைத்த விதைநெல்லானாலும் ஈரம் ஏறினால் முளைப்புத் திறன் போய்விடுகிறது. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, ஆறு மாதம் தண்ணீர் நிற்கும் வயலை ஒட்டிய கொட்டகையில் 40 ஆண்டு நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும், பெட்ரோல் டேங்கின் அடியில் கோந்து போல் படிந்திருக்கும், ரேடியேட்டர் வழிகள் துருவால் அடைத்திருக்கும், எலி வயரை விட்டு வைத்திருக்காது. வைக்கோலை வண்டி மேல் அடுக்கி வைத்திருந்தார்களா என்பதையும் கேளுங்கள்.

ஸ்பிட்ஃபயரில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி. அதே ட்ரையம்ஃப் குடும்பத்தைச் சேர்ந்த என் ஹெரால்டு காரில் அது துருப்பிடித்தால் அழகுதான் கெடும், சேசிஸ் எனும் அடிச்சட்டம் தாங்கிக்கொள்ளும். ஸ்பிட்ஃபயரின் சேசிஸ் நடுவில் ஒடுங்கியது. பக்கவாட்டு வலிமையைச் சில் பெட்டிதான் தருகிறது. பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்ம்கூட உடலில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இடித்தாலோ இடைவெளி சுருங்கினாலோ பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். துருவை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது.

ஆர்.சி. புத்தகம் (திருவாரூர்)

காந்தம் வைத்துப் பார்க்கும்போது வீட்டுக்காரர்களை விட, கொட்டகையைப் பார்த்துக்கொண்ட ஆளிடம் பேச்சுக் கொடுங்கள். அவருக்குத் தெரிந்தது பிள்ளைகளுக்குத் தெரியாது.

கோரையாறு (நீடாமங்கலம்)

போய்ப் பார்த்து வந்தேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் ஒழுங்கான மனிதர். ஒரு பிஸ்கட் டப்பாவில் பட்டறைச் சீட்டுகளைக் கட்டி வைத்திருக்கிறார். 1971-இல் 9,200, 1979-இல் 17,600, 1985-இல் 21,050 என்று எழுதியிருக்கிறது. பெடல் ரப்பரில் வரிகள் கூர்மையாக இருக்கின்றன. கதவில் ஆட்டம் இல்லை. என்ஜின் எண் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. சுங்கத் தீர்வை செலுத்திய ரசீதும், ஆர்.சி. புத்தகமும் உள்ளன.

திருவாரூர் அண்ணன் சொன்னபடி, களத்து வேலை பார்க்கும் பெரியவரிடம் பேசினேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொட்டகைக் கூரை பறந்துவிட்டதாகவும், புதுக் கூரை போடும் வரை இரண்டு மூன்று மாதம் வண்டியைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்ததாகவும் சொன்னார். பிள்ளைகள் இதைச் சொல்லவே இல்லை. அவர்கள் அப்போது ஊரில் இல்லை என்பதும் உண்மைதான்.

இடது சில்லின் பின்பகுதியில், சக்கரத்துக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்குக் காந்தம் நன்றாகவே ஒட்டுகிறது. ஆனால் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் ஓசை மந்தமாக வருகிறது, உள்ளிருந்து துருச் செதில்கள் வடிகால் துளை வழியாகக் கொட்டுகின்றன. வலது பக்கம் கெட்டியாக இருக்கிறது. ஓட்டுநர் காலடித் தகட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. சேசிஸின் நடுப்பகுதியில் மேலோட்டமான துருதான். பிளக்குகளைக் கழற்ற வீட்டார் சம்மதிக்கவில்லை. என்ஜின் சுற்றுகிறதா என்பது தெரியவில்லை.

லேத் பட்டறை (தஞ்சாவூர்)

என்ஜினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் இடம் கொடுக்காதீர்கள். பிளக் துளைகள் வழியாக எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊற விட்டு, என்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கின் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். அந்தக் காலத்து ஸ்பிட்ஃபயரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணையும். பழக்க தோஷத்தில் மாற்றி மாட்டினால் வேறு வம்பு வரும்.

திருப்ப முடிந்த பிறகு, ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க்கை நகராமல் பிடித்து வைக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். இந்த என்ஜின் வகைக்கு அது பரம்பரை நோய். வாஷர் கழன்று விழுந்து, அப்படியே ஓட்டினால் பிளாக்கே பாழாகும். 21,000 மைல் உண்மை என்றால் அது நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஓட்டம் குறைந்ததால் மெய்யாகவே உங்களுக்குக் கிடைக்கும் லாபம் இந்த மாதிரி இடங்களில்தான்: சிலிண்டரின் உட்சுவர், கிராங்க், கியர் பெட்டி. அவற்றுக்குப் பணம் கொடுக்கலாம்.

இந்த வண்டி ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. நாடு முழுவதும் அது 2000 பிப்ரவரியோடு நின்றது. இவ்வண்டி அதற்கு 14 ஆண்டு முன்பே நின்றுவிட்டது. ஈயமில்லாப் பெட்ரோலில் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் வால்வு அமரும் இடம் உள்வாங்கும். ஹெட்டைக் கழற்றுவது எப்படியும் தேவைப்படும் என்பதால், அப்போதே கடின உலோக வளையம் அடித்துவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களை அது தின்றுவிடும், ஈரத்தையும் இழுக்கும். குழாய்கள், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் அனைத்தையும் அதற்கேற்ற பொருளில் மாற்ற வேண்டும். இவை ஓட்டம் குறைந்த வண்டிக்கும் கூடிய வண்டிக்கும் ஒரே செலவுதான்.

பச்சை ஸ்பிட்ஃபயர் (மயிலாடுதுறை)

சீட்டுகள் இருக்கின்றன அல்லவா? ஒரே உரிமையாளர், மெய்யான ஓட்டம், எண்கள் ஒத்துப்போகின்றன. இதற்கு மதிப்பே இல்லை என்று சொல்வது நியாயமா?

பழைய ஹெரால்டு (கும்பகோணம்)

மதிப்பு உண்டு, அதையும் ரூபாயில் எழுதுவோம். சென்னையில் சொன்ன 11 லட்சத்தை அடியாக வைத்துக்கொள்வோம். அது ஓடும் வண்டி, காகிதம் சரியான வண்டி. இங்கிலாந்து விலையை ரூபாயாக மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை; ஸ்பிட்ஃபயர் அங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும், நினைத்த பாகம் மறுநாள் வீட்டுக்கு வரும். நமக்கு இருப்பது புதுப்பேட்டையும் பொறுமையும்தான்.

இந்த வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர என் கணிப்பில் ஆகும் செலவைக் கழிக்கிறேன். பிரேக், கிளட்ச் ஹைட்ராலிக் முழுவதும் 70,000 ஆகும். முன்சக்கரத்தில் டிஸ்க் என்பதால் ஹெரால்டு பாகம் உதவாது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். டேங்க், குழாய்கள், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களுக்கு 40,000, ஹெட் வேலை 35,000, வயரிங்கும் டைனமோவும் 45,000. டயர் ஐந்துக்கு 25,000 போதும். 13 அங்குலத்தில் 145 அளவு இங்கேயே கிடைக்கிறது. முன்சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் ட்ரன்னியனும் புஷ்களும் 30,000. இடது சில்லும் காலடித் தகடும் டிங்கரிங், வண்ணத்தோடு 1,50,000. ஒரு பக்கத்துக்கு மட்டும் வண்ணம் அடித்தால் நிறம் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். பதிவுக்கும் தாமதக் கட்டணத்துக்கும் 1,00,000. ஏற்றி வர 15,000. ஆக மொத்தம் 5,10,000. மீதி 5,90,000.

இதன்மேல், தேயாத கிராங்கும் கியர் பெட்டியும், அசல் இருக்கைகளும், அந்த பிஸ்கட் டப்பாவும் சேர்த்து 75,000 ஏற்றலாம். லேத் பட்டறை ஐயா சொன்னதை நான் மறுக்கவில்லை; ஆனால் என்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்க விடாதவரை அதற்கு மேல் ஏற்ற மாட்டேன். 6,50,000 என்று தொடங்குங்கள்.

பச்சை ஸ்பிட்ஃபயர் (மயிலாடுதுறை)

75,000 மிகக் குறைவு என்பது என் கருத்து. நானாக இருந்தால் 2 லட்சம் ஏற்றுவேன். ஆனால் கூரை பறந்த கதையை மறைத்தார்களோ மறந்தார்களோ, அது தெரிந்த பிறகு நானும் 12 என்று சொல்ல மாட்டேன்.

ட்ரன்னியன் பித்தளை மாதிரிதானே இருக்கிறது? நாச்சியார்கோவில் பட்டறையில் வார்த்துக்கொண்டால் 30,000 மிச்சமாகுமே?

லேத் பட்டறை (தஞ்சாவூர்)

குத்துவிளக்குக்கு அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ட்ரன்னியன் முன்சக்கரத்தின் பாரத்தைத் தாங்கித் திரும்பும் மரை. அது முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். அசல் பாகம் வாங்குங்கள். அதில் கிரீஸ் அடைக்காமல் கியர் ஆயில் ஊற்றி வந்தால் நெடுநாள் உழைக்கும்.

கோரையாறு (நீடாமங்கலம்)

கணக்கை அப்படியே தாளில் எழுதி எடுத்துப் போய், தஞ்சாவூரில் இருக்கும் மூத்தவரிடம் காட்டினேன். முதலில் முகம் சுளித்தார். சில் பெட்டியை அவர் கண் முன்னாலேயே தட்டிக் காட்டிய பிறகு பேச்சு மாறியது. 6,50,000 என்றேன், அவர் 9-க்கு இறங்கினார். பிளக் கழற்ற அனுமதி கொடுத்தார். எண்ணெய் ஊற்றி வைத்து, மறுவாரம் ஸ்பேனர் போட்டதும் என்ஜின் சுற்றியது. புல்லியில் கண்ணுக்குத் தெரிந்த நகர்வு இல்லை.

வாரிசு மாற்றம், பதிவுப் புதுப்பித்தல், தாமதக் கட்டணம் அனைத்தும் அவர்கள் செலவில் முடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு 7,25,000 ரூபாய்க்கு முடிந்தது. காகிதச் செலவாக எழுதிய 1,00,000 அவர்கள் பக்கம் போனதால், 7,50,000 வரை ஏற எனக்கு இடம் இருந்தது. முன்பணம் 1 லட்சம் கொடுத்து முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டோம்; மீதி, புத்தகம் என் பெயருக்கு மாறிய அன்று. மூவரும் கையெழுத்திட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய ஹெரால்டு (கும்பகோணம்)

நல்ல விலை. கயிறு கட்டி இழுத்து வர வேண்டாம். பிரேக் இறுகிய நிலையில் சக்கரம் சுழலாது, சில் பெட்டியும் தாங்காது. தட்டையான மேடை உள்ள லாரியில் நான்கு சக்கரமும் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். புத்தகம் மாறும் வரை வண்டி அவர்கள் கொட்டகையிலேயே நிற்கும் என்றால், இன்னும் தார்ப்பாய் ஏதும் போர்த்தியிருந்தால் அதைக் கழற்றச் சொல்லி, சக்கரங்களுக்குக் கீழே பலகை போட்டு வைக்கச் சொல்லுங்கள். அடைமழை தொடங்குவதற்குள் காகிதம் முடிய வேண்டும் என்று முத்திரைத்தாளில் ஒரு தேதி எழுதியிருக்கிறீர்களா?

கோரையாறு (நீடாமங்கலம்)

எழுதியிருக்கிறேன் அண்ணா. செப்டம்பர் 30. தவறினால் முன்பணம் திரும்ப வரும்.